குழாயடியில் காய்ந்து கிடக்கும் சோப்பு

இன்றைக்குத் தராசைப் பார்த்தேன்! எங்கள் தெருவில், மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒற்றை அறையில் சோப்பு செய்து விற்கிற பெண்ணை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு சோப்பு வாங்கத்தான் போனேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. செருப்பைக் கழற்றிய கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெயரை வைத்தது அடுத்த அறைத் தையல்காரர். அவள் எதையும் கண்ணளவில் போட மாட்டாள். எண்ணெயை நிறுப்பாள், தண்ணீரை நிறுப்பாள், காஸ்டிக் சோடாவை நிறுத்துவிட்டு, தராசை ஒரு தட்டு தட்டி மறுபடியும் நிறுப்பாள்.

"டீக்குச் சர்க்கரையாவது கையால அள்ளிப் போடுவியா, இல்ல அதுக்கும் தராசா?" என்று தையல்காரர் வம்புக்கு இழுப்பார்.

"உங்க நாக்குக்குத்தான் முதல்ல ஒரு தராசு வாங்கணும்ணே" என்பாள், வேலையை நிறுத்தாமலே.

அவள் இப்படிப் பயந்து பயந்து நிறுப்பதற்குக் காரணம் இருந்தது. காஸ்டிக் சோடா தோலை அரிக்கிற காரம். எண்ணெயோடு சேர்ந்து அது முழுக்க மாறினால்தான் சோப்பு. எண்ணெய் மிஞ்சினால் சோப்பு கொஞ்சம் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். காரம் மிஞ்சினால் கையைத் தின்றுவிடும்.

தராசுக்கு ஒரே ஒரு அக்கா. அம்மா போன பிறகு இவளுக்குத் தலை பின்னி, சாப்பாடு ஊட்டி, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டவள். தெருக்கோடி அழகு நிலையத்தில் முடிக்குச் சாயம் பூசுகிற வேலை. கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். சொந்தக் கடை வைக்க வேண்டும் என்று இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் அவள் தங்கையிடம் வந்து கையை நீட்டினாள். "உன் சோப்பு போட்டா கை வறண்டு போகுதுடி. நாள் முழுக்கக் கழுவிட்டே இருக்கேன்ல. கொஞ்சம் இதமா ஒண்ணு பண்ணிக் குடேன்."

தேங்காய் எண்ணெய் கூடினால் தோல் வறளும் என்பது தராசுக்குத் தெரியும். அதை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றினாள். ஒரு கிராம் பிசகாமல் அதே எடை. எண்ணெயின் எடை மாறாதபோது காரத்தின் எடை மட்டும் ஏன் மாற வேண்டும்? வழக்கமான அளவையே போட்டாள்.

காய்ந்த சோப்பில் ஒரு மூலையைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். காரம் மிஞ்சியிருந்தால் பேட்டரி முனையைத் தொட்டதுபோல் சுரீர் என்னும். அந்த முறை மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. அக்காவுக்கென்று செய்தது, அழகாக வந்திருந்தது. கிள்ள மனம் வரவில்லை. முழுசாகத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

அக்கா சில வாரங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. வந்தபோது இரண்டு கையிலும் கட்டு.

"என்னக்கா இது?"

"எல்லாம் அந்தப் பாழாப்போன சாயம்தான். புதுசா ஒண்ணு இறக்கியிருக்காங்க. விரலெல்லாம் வெடிச்சுப் போச்சு. உன் சோப்பை வெச்சுத்தான் சமாளிக்கிறேன். எரியறப்போ எல்லாம் அதைப் போட்டுக் கழுவிடுவேன். தீரப் போகுது, இன்னும் ரெண்டு குடு."

மிச்சத் துண்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். தராசு வாங்கிப் பார்த்தாள். அதன் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

சுரீர்.

"ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"அக்கா... சாயம் இல்லக்கா. இதுதான்."

"விளையாடாதடி."

தங்கை விளையாடவில்லை என்று புரிய அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

தராசு நேராக, காஸ்டிக் சோடா வாங்குகிற கெமிக்கல் கடைக்கு ஓடினாள். "எடை சரியாத்தான் போட்டேன்மா! ஒரு கிராம்கூடத் தப்பல!" என்று, எண்ணெய் மாற்றியதையும் அக்கா கையையும் சொல்லி, கல்லாவில் இருந்த அம்மாளிடம் அழுதாள்.

"எடை சரிதான், கணக்கு தப்பும்மா. ஒரு கொழுப்புத் துகளுக்கு மூணு காரத் துகள், அதுதான் சமன்பாடு. தேங்காய் எண்ணெயில துகள் சின்னது, எண்ணிக்கை ஜாஸ்தி. சூரியகாந்தியில பெருசு, எண்ணிக்கை கம்மி. ஒரு பஸ் நிறையப் பசங்க, இன்னொரு பஸ்ல பெரியவங்க, மொத்த எடை ஒண்ணுன்னு வெச்சுக்க. ஆளுக்கு மூணு பிஸ்கட்னா ரெண்டு பஸ்ஸுக்கும் ஒரே அளவா வாங்குவே? பெரியவங்க பஸ்ல மிஞ்சிடும்ல. அப்படி மிஞ்சின காரம்தான் உங்க அக்கா கையில ஏறியிருக்கு."

பள்ளிக்கூடத்தில் தராசும் சமன்பாடு எழுதியவள்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ணிக்கை சரியாக வர வேண்டும், வராவிட்டால் மதிப்பெண் போகும் என்ற அளவுக்குத்தான் அன்றைக்குத் தெரியும். மிஞ்சுகிற ஒன்று யாருடைய தோலிலாவது போய் உட்காரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

புண் ஆறியது. ஆனால் அக்காவின் தோல் இனி சாயத்தைத் தாங்காது. கையுறை போட்டாலும் உள்ளே கொப்பளித்துவிடுகிறது. இப்போது அதே அழகு நிலையத்தில் வாசல் மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறாள். சொந்தக் கடைப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அவள் தங்கையோடு சண்டை போடவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்கிறாள் தராசு.

எந்த எண்ணெய் மாறினாலும் இப்போது அவள் கணக்கைப் புதிதாகப் போடுகிறாள். எல்லாச் சோப்பும் அவள் நாக்கைத் தாண்டித்தான் வெளியே போகிறது. அக்காவுக்கென்று சரியான கணக்கில் செய்த ஒன்று மட்டும் குழாயடியில் எப்போதும் இருக்கிறது.

இன்று நான் அங்கே இருந்தபோதே அக்கா வந்தாள். டீ குடித்தாள், தையல்காரரைக் கிண்டலடித்தாள், பிறகு கை கழுவப் போனாள்.

"பக்கத்துலயே சோப்பு இருக்குக்கா."

"இருக்கட்டும்டி, வெறும் டீதானே குடிச்சேன்."

தண்ணீர் மட்டும் ஓடுகிற சத்தம் கேட்டது. தராசு தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே நிறுத்து வைத்திருந்த எண்ணெயை மறுபடி நிறுத்துக்கொண்டிருந்தாள். அக்கா போன பிறகு எட்டிப் பார்த்தேன். சோப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வீட்டில் சோப்பு செய்து பார்க்கிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள், எண்ணெய் மாறினால் காரத்தின் கணக்கும் மாற வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கள் தெருப் பக்கம் வந்தால் மாடிப்படிக்குக் கீழே ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. கிளம்பும் முன் அந்தக் குழாயடியில், அந்தச் சோப்பைப் போட்டு ஒரு தடவை கை கழுவிவிட்டு வாருங்கள்.