கிறிஸ்துமஸ் அன்று கேட்ட களி

எனக்குச் சர்க்கரை வியாதி முதன்முதலில் வந்தது ஒன்பது வயதில். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து திரும்பிய காலையில் வந்து, மத்தியானச் சாப்பாட்டோடு போய்விட்டது. மருத்துவ உலகத்தில் இப்படி ஒரு கேஸ் இருக்காது.

உண்மையில் வந்திருந்தது அப்பாவுக்கு. கண்டுபிடித்தவள் அம்மா. கொல்லையில் சீத்தாமரத்தடியில் அவர் ஒன்றுக்குப் போகும் இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, பொம்மிடியிலிருந்து தருமபுரிக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். டாக்டர் அரிசியையும் இனிப்பையும் நிறுத்தி, கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிடச் சொன்னார். வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டது அதைத்தான். நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டும். அதனால் அப்பாவின் பத்தியம் டிசம்பர்வரை யார் கண்ணிலும் படவில்லை.

"களி திங்கச் சொல்றதுக்கா மச்சான் தருமபுரி வரைக்கும் போனீங்க? எங்கிட்டக் கேட்டிருந்தா இங்கயே சொல்லியிருப்பனே" என்றார், பண்டிகைக்கு வந்திருந்த தாய்மாமா.

அம்மா ஒரு திட்டம் வைத்திருந்தாள். அப்பாவுக்கு ஒரு கரண்டி சோறு, நாலு துண்டு கறி, ஒரே ஒரு கச்சாயம். மீதி வயிற்றுக்குக் களி. கச்சாயம் என்பது வெளியூர்க்காரர்களுக்கு அதிரசம். அப்பா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். எதற்கும் அவர் அவ்வளவு சாதுவாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

கச்சாய டின் பரண்மேல் இருந்தது. பூசையிலிருந்து வந்ததும் யாருக்கும் தெரியாமல் ஏறி ஏழு தின்றேன். டின் நான் எதிர்பார்த்ததைவிடக் காலியாக இருந்தது. எலி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கி, சீத்தாமரத்தடிக்கு ஒன்றுக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துப் பந்து பொறுக்க அந்தப் பக்கம் போனால், எறும்பு. சாரை சாரையாக எறும்பு.

உடம்பு வேர்த்தது. வேர்ப்பதும் அந்த வியாதிதான் என்று முடிவு கட்டினேன். கையை நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்ததில் சற்று ஆறுதல். திருடித் தின்றதைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்றால், அவர் அடுத்த ஊர்ப் பூசைக்கு சைக்கிளில் போய்விட்டிருந்தார்.

பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோற்றுக் கரண்டி என் இலைக்கு வந்தபோது கையால் மறித்தேன்.

"சோறு வேணாம்மா. அப்பாவுக்கு வெச்ச களியில எனக்கும் போடு."

அம்மா களியை வைத்தாள். கண் கலங்கிவிட்டது. "அப்பன் திங்காத சோறு தனக்கும் வேணாங்குது பாரு புள்ள" என்று தன் தம்பியிடம் சொன்னாள். மாமா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. சாகப்போகிறவனுக்கு நல்ல பேராவது மிஞ்சட்டும்.

ஆனால் ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை கல்நெஞ்சக்காரனையும் பேச வைக்கும். அம்மா அடுப்படிக்குத் திரும்பியதும் அப்பாவின் காதோரம் சாய்ந்தேன்.

"அப்பா, எனக்கும் சக்கரை வந்துருச்சுப்பா. சீத்தாமரத்தடியில எறும்பு மொய்க்குது."

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. "எப்பப் பாத்த?"

"காலைலதான். ஏழு கச்சாயம் தின்னுட்டேன்."

"ஏழுதானா?"

அப்பா என் களியை உருட்டித் தன் இலைக்கு மாற்றிக்கொண்டார். தன்னுடைய ஒரு கரண்டிச் சோற்றை என் பக்கம் தள்ளினார். இடது கையால் வேட்டி மடிப்பிலிருந்து எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே மூன்று கச்சாயம்.

"ஒனக்கு ஒன்னுமில்ல. நல்லாச் சாப்புடு. சாப்புட்டுட்டு இதக் கொண்டுபோய் டின்னுல போட்டுரு. அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருக்காத."

பிழைத்த சந்தோஷத்தில் மூன்று தடவை சோறு வாங்கினேன். எனக்கு ஒன்றுமில்லை என்பது அப்பாவுக்கு அத்தனை நிச்சயமாக எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவில்லை. பரணேறி மூன்றையும் டின்னில் போட்டு, எலி நுழையாதபடி மூடியை அழுத்தி மூடினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அந்த எலி வரவே இல்லை.