எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

நான் ஐந்தாவது படித்தபோது டியூஷன் மிஸ் மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஆள் ஒருவரை எழுதிவரச் சொன்னார். அடுத்தவர் சங்கதியைத் துருவித் துருவிக் கேட்பவர் நோசி. கேட்காமலே வந்து யோசனை சொல்பவர் பிஸிபாடி. ஆளில்லாத நேரம் பார்த்து அடுத்தவர் வீட்டைத் துழாவுபவர் ஸ்னூப். எல்லாம் ஒன்றுதானே என்றேன். இல்லையாம்.

கணபதி ஏரியாவில் எங்கள் சந்தில் ஆளுக்கா பஞ்சம்? போகிறவர்களையெல்லாம் "எங்கீங்க போயிட்டு வாரீங்க" என்று நிறுத்தும் பெரியப்பா நோசி. அம்மாவின் ரசத்துக்குப் புளி அளவு சொல்லும் சித்தி பிஸிபாடி. ஸ்னூப்புக்குத்தான் ஆள் அகப்படவில்லை.

அந்த வருஷம் அப்பாவின் லேத் பட்டறைக்கு ஆர்டரே வரவில்லை. மற்றப் பட்டறைகளின் ரீங்காரம் மதியமெல்லாம் தாலாட்டும். எங்களுடையது பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அத்தை அடிக்கடி தூக்குப்போசியில் பருப்புச் சாதமோ குழம்போ கொண்டுவந்து, "மிஞ்சிப்போச்சுங்க" என்று வைத்துவிட்டுப் போவார். போசியை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா போசிகளைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைப்பார். அவை அங்கேயே இருக்கும்.

ஒரு மதியம் காய்ச்சலோடு திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருந்தேன். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெயிலில் தூசி மெல்ல மிதந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். எதிர்வீட்டு அத்தை பூனைபோல் உள்ளே வந்து, அலமாரியைத் துழாவி, எதையோ முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார். கனவோ என்று என்னையே கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. ஸ்னூப் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் காய்ச்சலே மறந்துபோனது.

அம்மா வந்ததும் சொன்னேன். அவர் அலமாரியைப் பார்த்தார். மூன்று போசிகளையும் காணோம்.

"அவங்க போசியத்தான் எடுத்திருக்காங்க. நீ பாத்தேன்னு அவங்ககிட்டச் சொல்லிப்போடாத, கண்ணு."

"அப்புறம் எதுக்குங்மா ஒளிச்சு எடுத்துட்டுப் போறாங்க?"

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன்.

அடுத்தமுறை போசி வந்தபோது, அத்தைக்கு அந்தச் சிரமம் எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியாமல் வெறும் போசியை நானே கொண்டுபோனேன். அவர் வீட்டுக் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அத்தை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"இத்தனை சக்கரை எதுக்குக் கண்ணு உங்கம்மா போட்டு உட்டாங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, மூடியை அழுத்தி மூடி உள்ளே எடுத்துப்போனார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஸ்னூப் என்று எழுதி, அதற்கு நேராக எதிர்வீட்டு அத்தை என்று எழுதினேன். அதற்குக் கீழே, கோடு போட்டு, இன்னொன்றும் சேர்த்தேன்: பொய்யும் சொல்வார்.