தண்ணீர்த் தாங்கியடியில் திரும்பும் குதிரை

என் மாமனாருக்குக் குதிரை ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். மன்னார்க் கரையில் அரிப்பு என்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால்தான் சிரிக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர், வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்தவர், மருமகளிடம் குதிரை பழகினாராம். சிரிக்கட்டும். எனக்கு இதைச் சொல்லச் சலிப்பதேயில்லை.

நான் நுவரெலியாவில் பிறந்தவள். அப்பா ஏரிக்கரையில் மட்டக்குதிரை வைத்திருந்தார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்த் திரும்புவார். அ எழுதப் பழகுவதற்கு முன்பே எனக்குச் சேணம் கட்டத் தெரியும். பிறகு கொழும்பில் தையல் வேலைக்குப் போனேன், அங்கே என் கணவரைக் கண்டேன், கட்டிக்கொண்டு மன்னார்க் கரைக்கு வந்துவிட்டேன். அப்பா இறந்தபோது அவருடைய கடைசிக் குதிரையைப் பொறுப்பேற்க யாருமில்லை. லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். மன்னாரில் இருக்கிற கழுதைகள் போதாதென்று மலையிலிருந்து வேறு ஒன்று வந்திருக்கிறது என்று ஊரில் கேலி செய்தார்கள். என் கணவரும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊரில் மூவிராசாக்கள் திருநாளன்று, பாலன் யேசுவைத் தேடி வந்தவர்களாக, கடற்கரையிலிருந்து கோயில்வரை மூன்று ராசாக்கள் வருவார்கள். மூத்த ராசா வேடம் குடும்பங்களுக்கு முறைவைத்து வரும். முறை வந்த வீட்டின் தலைவர்தான் கட்டவேண்டும். அவரை ஒருவரும் கைபிடித்தோ கயிறு பிடித்தோ கூட்டிவரக் கூடாது. கோயில் உபதேசியார் ஒரு தடியில் வெள்ளி நட்சத்திரத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். அந்த வெள்ளிதான் ராசாவுக்கு வழிகாட்டவேண்டும்.

மாமாவுக்கு முறை வந்த வருடம் அவர் குடும்பத்தோடு தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தார். இங்கே கோயில் பூட்டிக் கிடந்தது. எல்லோரும் திரும்பி வந்த பிறகு முறையைப் புதிதாகத் தொடங்கினார்கள். அதில் எங்கள் வீடு கடைசி. அவர் காத்திருந்தார். கடைசியில் முறை வந்தபோது அவருடைய முழங்கால் போய்விட்டிருந்தது. படகைக் கரையேற்றும்போது அது வழுக்கி அவர் காலில் சாய்ந்ததால் வந்த வினை. படகில் உட்கார்ந்து இஞ்சின் பிடிப்பார், கோயில்வரை நடக்கமாட்டார். தம்பியிடம் கொடுக்கலாமே என்றார்கள் சிலர். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார்கள் வேறு சிலர்.

"என்னை ஐஸ் பெட்டி மாதிரி ஏத்திக்கொண்டு போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் அடுப்படியில் நின்று, குதிரை இருக்கிறதே என்றேன். அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. மாமா கெட்டவர் இல்லை. ஆனால் வந்தவர்களுக்கு என்னைக் காட்டும்போது "மகன்ர மனிசி" என்பார்; மகனுடைய மனைவி, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

அடுத்த நாள் பின்னேரமே தொடங்கினோம். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறிக் குதிரையில் உட்கார்ந்தார். வாடைக்காற்று மணலை அள்ளி வீசியது. ராசாவின் வலது கையில் பொன் பேழை இருக்கவேண்டும். ஆகவே கடிவாள வாரை இடது கையில் மட்டும் பிடிக்கப் பழக்கினேன். முதுகை நிமிர்த்தி உட்காருவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அலையில் உட்கார்ந்து பழகிய உடம்பு. குதிரை எப்படி அசைந்தாலும் கூடவே அசைந்தது. அன்று நான் மிகவும் நம்பிக்கையாக இருந்தேன்.

கோயிலுக்குப் போகும் வழியில், தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் தண்ணீர்த் தாங்கி ஒன்று உண்டு. அந்த இடம் வந்ததும் குதிரை நின்றது, இடப்பக்கமாகத் திரும்பியது, வீட்டைப் பார்த்து நடந்தது. மறுநாளும் அப்படியே. அதன் மறுநாளும் அப்படியே. ஏரிக்கரையில் வருடக்கணக்காக அது செய்த வேலை அதுதான். ஐந்து நிமிடம் போகவேண்டும், திரும்பவேண்டும், ஆளை இறக்கவேண்டும். அதற்கு அப்பால் உலகம் இருப்பது அதற்குத் தெரியாது. நான் கயிற்றைப் பிடித்தால் பேசாமல் வந்தது. கயிற்றை விட்டால் திரும்பியது. பனங்கட்டி கொடுத்துப் பார்த்தேன், கடிவாளத்தை மாற்றிப் பார்த்தேன், அப்பாவின் குரலில் திட்டியும் பார்த்தேன். தாங்கியடியில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் எங்களுக்காகவே காத்திருந்து சிரித்தார்கள்.

ஆறாம் நாள் மாமா இறங்கும்போது சொன்னார்: "விடு பிள்ளை. தம்பி கட்டட்டும்."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. குதிரையில் ஆத்திரமா, வலைக்காரர்களிலா, என்னிலா என்று தெரியவில்லை. இன்னும் ஒரேயொரு நாள் என்று கெஞ்சினேன். அடுத்த நாள் கூடவே நடக்காமல், முன்னாலேயே போய்த் தாங்கிக்கு அப்பால் நின்று அவர்கள் வருவதைப் பார்த்தேன். குதிரை நின்றது. தலையை இடப்பக்கம் சாய்த்தது. அந்த நொடியே மாமா வார் பிடித்த கையை உறுதியாக இடப்பக்கம் தள்ளினார். குதிரை நன்றாகத் திரும்பிவிட்டது.

ஓடிப்போய்க் கேட்டேன்: "மாமா, கைய ஏன் அந்தப் பக்கம் கொண்டுபோறீங்க?"

"அது இடப்பக்கம் போகுதெல்லோ? மறிக்கத்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படகின் பின்னால் உட்கார்ந்து இஞ்சின் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். நாற்பது வருடமாக அந்தக் கை அதைத்தான் செய்தது. குதிரையோ வார் போகும் பக்கமே திரும்பும். குதிரை கொஞ்சம் திரும்பப் பார்க்கும். இவர் அதை மறிப்பதாக நினைத்து, திரும்பு என்று அதற்குக் கட்டளை போடுவார். அது பாவம், சொன்ன சொல் கேட்டது. நான் மணலில் உட்கார்ந்து சிரித்தேன். மாமாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு தன் இடது கையை விரித்து, யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தெரிந்துவிட்டால் போதுமா? கைக்குத் தெரியவேண்டுமே. மூளை வலம் என்றால் கை இடம் போனது. இரண்டு நாள் அதிலேயே போனது. மூன்றாம் நாள் நான் அவரிடம் கேட்டேன், கடலில் பாதை இல்லையே, எப்படி நேராகக் கரைக்கு வருகிறீர்கள் என்று. கரையில் இரண்டு அடையாளங்களைப் பார்த்து வைத்திருப்பதாகவும், ஒன்று மற்றதற்கு நேர்பின்னால் தெரியும்படி பிடித்துக்கொண்டு வருவதாகவும் சொன்னார். தாங்கியடியில் நின்று பார்த்தேன். கோயில் சிலுவையும் அதற்குப் பின்னால் ஒரு நெட்டைப் பனையும் தெரிந்தன. கையை மறந்துவிடுங்கள், அந்த இரண்டையும் பிடியுங்கள் என்றேன். அவர் பார்த்தார். பார்த்ததும் தோளும் இடுப்பும் தாமாகவே அந்தப் பக்கம் வந்தன; கையும் அவற்றோடு வந்தது. குதிரை திரும்ப நினைக்கும் இடத்துக்கு ஐந்து அடி முன்னதாகவே அதை நிறுத்தி, பத்து எண்ணி, பிறகு போகச் சொல்லவும் பழக்கினேன். நிற்பதும் போவதும் இவருடைய சொல்லாக இருக்கவேண்டும் அல்லவா. அன்று பின்னேரம் இருவரும் தாங்கியைத் தாண்டிப் போனார்கள். வலைக்காரர்களில் ஒருவர் எழுந்து நின்றே விட்டார்.

திருநாளன்று மாமா முடியும் பட்டு மேலங்கியுமாக ஏறினார். வெள்ளி முன்னால் போனது. ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. நான் பெண்களோடு நடந்தேன். கயிறு இல்லாத என் கை சும்மா மூடி மூடித் திறந்தது.

தாங்கியடியில் குதிரை நின்றது. மாமா நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. மேளமும் கூட்டமும் அதைக் குழப்பியிருக்கவேண்டும். காதைப் பின்னால் மடித்து, தலையை இடப்பக்கம் கொண்டுபோனது. உபதேசியார் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தார். வெள்ளிக்கும் ராசாவுக்கும் இடையில் வெறும் வழி நீண்டது. ஆராவது பிடியுங்கோ என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. என் கணவர் என்னைப் பார்த்தார். என் கால் ஒன்று முன்னால் போய்விட்டது, இழுத்துக்கொண்டேன். நான் பிடித்தால் அவர் ராசா இல்லை, ஏரிக்கரைக்கு வந்த சுற்றுலாக்காரர்.

மாமா கூட்டத்தைப் பார்க்கவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை. சிலுவையைப் பார்த்தார். அவருடைய கை இடப்பக்கம் அசைந்தது. ஒரு விரல் அகலம்தான், நான் கண்டேன். பிறகு அது நின்று, மெதுவாக வலப்பக்கம் வந்தது. குதிரை கொஞ்ச நேரம் யோசித்தது. கழுத்தை நேராக்கி நடந்தது. கோயில் வாசல்வரை அது பிறகு நிற்கவேயில்லை. நான் வாய்விட்டு அழுதேன். இவ்வளவு பெருமையாக நான் என் கல்யாணத்தன்றும் இருந்ததில்லை.

மாமா பாலன் குடிலில் பேழையை வைத்தார், வீட்டுக்கு வந்தார், வேடத்தைக் கழற்றினார், சாப்பிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். எதிர்பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவர் கடலுக்குப் போனார். திரும்பி வரும்போது, கண்ணைக் கட்டிவிட்டாலும் வரக்கூடிய அந்த வழியில், வலப்பக்கம் போகவேண்டிய படகை இடப்பக்கம் திருப்பி மணல் திட்டில் ஏற்றிவிட்டார். பெரிய சேதம் இல்லை. கடலில் தான் பிழைவிட்டதாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மனிதர், மீன் எடுக்க வந்த அத்தனை பேரும் நிற்க, தானாகவே அதை எடுத்துச் சொன்னார். நான் கூடையோடு பின்னால் நின்றதை அவர் காணவில்லை.

"கை குதிரைக்கு மாறிப்போச்சு" என்றார். "என்ர மருமகள் படிப்பிச்சால் அப்பிடித்தான். லேசில மறக்காது."