குழந்தையைப் பார்க்காத பெரியம்மா

குழந்தை அழுததும் பிரசவ அறையில் எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மூத்த நர்ஸ் மட்டும் தாயின் அடிவயிற்றில் கை வைத்தபடி நிற்பாள். 'கல்நெஞ்சக்காரி' என்று வார்டே பேசும். பேசட்டுமே! இன்று கட்டிலில் கிடந்தது அவளுடைய சொந்தத் தங்கை.

நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டது. ஆனால் கல்லாக இறுக வேண்டிய கர்ப்பப்பை, பிசைந்த மாவு மாதிரி கைக்குள் அமுங்கியது. விரித்த துணி சிவந்துகொண்டே போனது.

"டாக்டரைக் கூப்பிடு, ரத்தம் நிக்கல!" என்று ஆயாவிடம் கத்திக்கொண்டே வயிற்றை வட்டமாக அழுத்தித் தேய்த்தாள். ஓடிவந்த டாக்டர் கர்ப்பப்பை சுருங்குவதற்கான மருந்தை ஏற்றினார். அது சுருங்கத் தடையாக நிறைந்திருந்த சிறுநீரைக் குழாய் வைத்து வெளியேற்றினார். தங்கையின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது.

"கண்ண மூடாதடி! ஏதாவது பேசு!"

உள்ளங்கைக்குக் கீழே மெல்ல ஏதோ திரண்டது. பிறகு இறுகியது. ரத்தம் மட்டுப்பட்டது.

"பெரியம்மா ஆயிட்டீங்க சிஸ்டர், போய்க் குழந்தையப் பாருங்க. நான் கவனிச்சுக்கிறேன்" என்றார் டாக்டர்.

மறுபடி தளர்ந்துவிட்டால்? அவள் கையை எடுக்கவில்லை.

"அக்கா, குழந்தை யாரு ஜாடை?" என்று தங்கை ஈனக்குரலில் கேட்டாள்.

"யாருக்குடி தெரியும்? நான் இன்னும் உன்னைத்தான் பாத்துட்டிருக்கேன்."