கனகராயன்குளத்துக் காலைச் சாப்பாடு

மருத்துவிச்சி வேலை கிடைத்து நான் கனகராயன்குளத்துக்குப் போனபோது எனக்கு ஓர் அறை தர அங்கே ஆளில்லை. அறைகள் இருந்தன. வடக்கே குடாநாட்டிலிருந்து வந்து குளத்துத் தண்ணீரில் வயல் செய்து நிமிர்ந்த எங்கள் ஆட்களிடம் கல்வீடு இருந்தது, விறாந்தை இருந்தது, பூட்டிக் கிடந்த அறையும் இருந்தது. நான் பளைப் பக்கம் என்றதும் கதிரை தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள், யாருடைய மகள் என்று விசாரித்தார்கள். வேலை என்னவென்று சொன்னதும் முகம் மாறிற்று.

"பிள்ளைப்பேறு பாத்திட்டு வந்து வீட்டுக்குள்ள புழங்கினால் துடக்கு, தீட்டெல்லோ பிள்ளை. எங்கட சாமியறையும் பக்கத்தில" என்றார் ஓர் அம்மா, மிகுந்த அன்போடு.

இன்னொரு வீட்டில், "கண்ட கண்ட நேரத்தில வெளிக்கிட்டுப் போற பொம்பிளையை வைச்சிருக்கேலாது" என்று கணவன் உள்ளேயிருந்து சொல்ல, மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தபடியே கதவைச் சாத்தினாள். அவள் அப்போது நிறைமாதம். பிறகு அவளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்ததும் நான்தான். என்னுடைய கை அன்றைக்கு மட்டும் துடக்கில்லை.

கடைசியில் எனக்கு அறை தந்தது கண்டி வீதியோரத்து மண்வீடு. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டை விட்டு உயிரோடு ஓடி வந்த குடும்பம் அது. புருஷன் கூலிக்கு வயல் வேலை செய்தார். வீட்டுக்கு முன்னால் மண்ணால் சுவர் எழுப்பி, கிடுகு வேய்ந்து, இரண்டு அறைகளைக் கட்டியிருந்தார்கள். லொறிக்காரர், நெல் வாங்க வந்தவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அங்கே தங்குவார்கள். அறை எடுத்தால் காலைச் சாப்பாடும் சேர்த்துத்தான். ஒரே மேசை. வீட்டுக்காரரும் வந்தவர்களும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள்.

அந்த வீட்டுப் பெண்ணை நான் அக்கா என்று கூப்பிட்டேன்; அவர் என்னை, தோட்டத்தில் தாதிமாரைக் கூப்பிடுவதுபோல, மிஸி என்றார். என் வேலையைச் சொல்லிவிட்டு அவருடைய முகம் மாறுவதற்காகக் காத்து நின்றேன்.

"அதுக்கென்னங்க மிஸி? எல்லாரும் அப்படித்தான பொறந்தோம்" என்றார். "ரொட்டிக்கு சம்பல் ஒறைப்பா சாப்பிடுவீங்களா?"

ஒரு வருடத்துக்கு மேல் அந்த மேசையில் சாப்பிட்டேன். அப்போதுதான் அண்ணா எனக்கு ஒரு சம்பந்தம் பார்த்தார். மாப்பிள்ளைக்கு வவுனியாவில் ஒரு கந்தோரில் உத்தியோகம். அவரும் தாயும் காரில் வவுனியாவுக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். காலைச் சாப்பாடும் நான் தங்கியிருக்கும் இடத்தில்தானாம். அண்ணா இதையெல்லாம் ஒரு பஸ் கொண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். நான் யாரோடு இருக்கிறேன், எப்படி இருக்கிறேன் என்று அவர் அதுவரை வந்து பார்த்ததில்லை, கேட்டதுமில்லை.

அக்கா பரபரத்துப் போனார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு ரொட்டியா போடுறது?" என்று இடியப்பத் தட்டுகளை இரவல் வாங்கினார். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்டார். புருஷன் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு நல்ல கதிரைகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். சொதியின் வாசம் வீதிவரை போனது.

அவர்கள் அண்ணாவையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீடு குளிர்ச்சியாக இருக்கிறது என்று பாராட்டினார். மேசைக்கு வந்து கதிரையில் இருந்தார். தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை பசியோடு வந்திருக்க வேண்டும், சொதியை ஊற்றிக் குழைத்து ஒரு வாய் வைத்துவிட்டார்.

"சாப்பிடுங்கம்மா, சூடா இருக்கு" என்றார் அக்கா.

அந்தப் பேச்சு வழக்கைக் கேட்டதும் தாய் தலையை நிமிர்த்தினார். "நீங்கள் எந்த ஊர்?"

"ஹட்டன் பக்கங்க. தோட்டத்துல இருந்து வந்தவங்க."

செம்பு மேசைக்குத் திரும்பியது. "எங்களுக்குப் பசியில்லை. ஆனையிறவில தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தனாங்கள்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "தம்பி" என்று மட்டும் சொன்னார்.

முப்பது வயது மனிதர். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழும்பினார். வெளியே போய்க் கையைக் கழுவினார். திரும்பி உள்ளே வரவில்லை. தாயைக்கூட நான் பிறகு ஒரு நேரம் மன்னித்திருப்பேன். அந்தக் கையை மன்னிக்கவே முடியவில்லை.

அண்ணா என்னைப் பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்? ஆர் வீட்டில இருந்து சாப்பிடுறாய் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனியே?"

"எனக்கு அறை தந்த வீட்டில சாப்பிடுறன்."

"எங்கட ஆக்கள் இவ்வளவு பேர் இஞ்ச இருக்கினம்."

"அவையள் கதவைச் சாத்தினவை. நான் துடக்காம். நீங்கள் ஒருநாள் வந்து பாத்தனீங்களே அண்ணா?"

"கத்தாதை. அவைக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

"வாய் காட்டாமல் பெட்டியைக் கட்டு. இண்டைக்கே வீட்டை வாறாய்."

"வரமாட்டன்."

நான் உள்ளே போனேன். மாப்பிள்ளை எழும்பிப் போன கதிரையில் உட்கார்ந்து, புதுத் தட்டு ஒன்றில் இடியப்பத்தை அள்ளிப் போட்டு, வாசலில் நின்றவர்கள் பார்க்கச் சாப்பிட்டேன். இன்னும் இரண்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். தாய் காரடியில் நின்று, "பிள்ளைக்கு எங்கட முறை தலை விளங்கேல்லை" என்று அண்ணாவுக்குச் சொன்னது கேட்டது. நான் கை கழுவாமலே வெளியில் போனேன்.

"அண்டைக்கு இவையளை அடிச்சவங்கள் தமிழர் எண்டுதான் அடிச்சவங்கள். அவங்களுக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லை மாமி."

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் போய்விட்டது. அண்ணாவும் அதில்தான் போனார். சம்பந்தம் அந்தப் புழுதியோடு போயிற்று, அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

அக்கா எனக்கு ஆறுதல் சொல்வார் என்று நினைத்தபடி குசினிக்குள் போனேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"வயிறு நெறைஞ்சிருச்சா மிஸி?"

"என்னக்கா?"

"பசிச்சா சாப்பிட்டீங்க? அவுங்க மூஞ்சில அடிக்கத்தான சாப்பிட்டீங்க. நான் விடிய முந்தி எந்திரிச்சு அவிச்சது அதுக்கா? அவுங்க எங்களக் கேவலமா பாத்தாங்க, நீங்க எங்களுக்காகச் சண்ட போட்டீங்க. ரெண்டு பக்கமும் எங்கள ஒரு வார்த்த கேக்கல. இது என் வீடு மிஸி. வெளிய போங்கன்னு சொல்ல வேண்டியவ நானு. அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. யாருக்காக நான் அண்ணாவையும் பகைத்துக்கொண்டேன் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இடியப்பங்களை அவருடைய புருஷன் கடகத்தில் போட்டு வயலுக்குக் கொண்டு போனார். அக்காவும் நானும் அன்று முழுவதும் கதைக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் பஸ்ஸால் இறங்கி வந்து அறை கேட்டார்கள். அக்கா வாசலை மறித்து நின்றார்.

"நாங்க தோட்டத்து ஆளுங்க. இங்க தங்குனா காலையில எங்களோட ஒக்காந்து சாப்பிடணும். சம்மதம்னா உள்ள வாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கோயில் மடத்துப் பக்கம் நடந்தார்கள்.

"இப்பிடிச் சொன்னா யாரு வருவா?" என்று புருஷன் கவலைப்பட்டார்.

"வர்றவன் வருவான். வராதவன் மடத்துல நொளம்புக்கடி படட்டும்."

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னார். ஆட்கள் குறைந்தார்கள். ஒரு மழைநாள் ஓர் உத்தியோகத்தர் வாசலில் நனைந்து நின்றுகொண்டு, எனக்கே சட்டம் பேசுகிறாயா என்று சத்தம் போட்டார். அக்கா துவாய் ஒன்றைக் கொடுத்துத் தலையைத் துடைக்கச் சொன்னார். அறை கொடுக்கவில்லை. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

சில மாதங்கள் கழித்து என் அம்மா தனியாக பஸ் ஏறி வந்தார். அப்போது அண்ணாவுக்குத் தெரியாது. அக்கா அவரையும் வாசலில் மறித்து அதையே சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு தேத்தண்ணி மட்டும் போதும் பிள்ளை" என்றார் அம்மா.

"தேத்தண்ணியும் சாப்பாடுதாம்மா."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மறுநாள் காலை ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். அக்காவிடம் மாவுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ போடுவது என்று கேட்டார். பஸ் வரும்வரை இருவரும் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவைப் பற்றி அண்ணி சொன்னார்: "மாமி அங்க வந்து பச்சைத் தண்ணியும் வாயில வைக்கேல்லையாம். பட்டினியாத்தான் பஸ் ஏறினவவாம். நீ இப்பிடிப் பெத்த தாயை அலைக்கழிக்கலாமே?"

அம்மாவைக் கிணற்றடியில் பிடித்தேன். "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"நீ அங்க இருக்கிறாய். நான் உன்ர அண்ணனோட இருக்கிறன்" என்றார், வாளியை இறக்கியபடி.

எனக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் குறையவில்லை. பல வருடங்கள் கழித்து அம்மா இறந்த பிறகும் குறையவில்லை. முல்லைத்தீவுக்கு மாற்றலாகிப் போகும்வரை நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். "அம்மா எப்ப மறுபடி வருவாங்க மிஸி?" என்று அக்கா அடிக்கடி கேட்பார். அண்ணி சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. வருவா என்று மட்டும் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு.