மோட்டார் ஓடினால் பதில் லேட்

போன வாரம் என் மருமகள் ஷாகிரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பெங்களூர் கம்பெனி ஒன்று வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே கண்டிஷன் — டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட் சீராக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அவர்களே சோதித்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால்? கைக்குழந்தையை விட்டுவிட்டு கெலமங்கலத்திலிருந்து தினமும் பெங்களூருக்கு பஸ்!

சோதனையின் பெயர் பிங். இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால், அங்கிருந்து பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது.

"பதில் எல்லாமே வருது மாமி. ஒண்ணுகூட தொலையல. ஆனா திடீர்னு பத்து மடங்கு லேட்டாகுது."

"உங்க மாமாவும் அப்டித்தான். அவர நான் ரிப்பேரா பாத்தன்?"

ஷாகிரா போய் மோடத்தை மாற்றினாள். டெலிபோன் லைன்மேன் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் போனதும்... பழையபடி!

வியாழக்கிழமை அவளே பிடித்துவிட்டாள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால், திரையில் பதில் வரும் நேரத்தைக் காட்டும் நம்பர் ஏறுகிறது. நின்றால் இறங்குகிறது. த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் தோட்டக்காரி நாகம்மாவின் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

வெளியே போய்ப் பார்த்தோம். எங்கள் போன் ஒயரும் அவள் மோட்டார் ஒயரும் வழிநெடுக ஒன்றாகக் கட்டிக்கிடந்தன.

"நான்தான்க்கா கட்டினன்," என்றாள் நாகம்மா. "ஒங்க ஒயரு தொங்கினு கெடந்து மாட்டுக் கொம்புல மாட்டுச்சு. நல்லது செஞ்சா திட்டுவியா?"

யாரைத் திட்ட? அக்கறையாகப் போட்ட முடிச்சுதானே!

"நாளைக்கு ஒரு மணி நேரம் மோட்டார நிறுத்தேன்," என்றேன்.

"தக்காளி காயுது. நீ வந்து கொடத்துல ஊத்துறியா?"

நியாயம்தான். கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்தி நாகம்மாவே முடிச்சுகளை அவிழ்த்தாள். போன் ஒயர் மாட்டுக் கொட்டகைமேல் சரிந்தது. லைன்மேனோ திங்கட்கிழமைதான் வருவாராம்.

வெள்ளிக்கிழமை. மோட்டார் ஓடுகிறது. என் வீட்டுக்காரர் மூங்கில் கழியால் போன் ஒயரை மோட்டார் ஒயரில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"மாமா, ஆடாதீங்க!" உள்ளேயிருந்து ஷாகிரா கத்தினாள்.

"மூக்கு அரிக்குதும்மா."

"சொறிஞ்சீங்கன்னா அவ வேலை போயிரும்," என்றேன் நான்.

நம்பர் ஏறவேயில்லை. கொஞ்ச நேரத்தில் பெங்களூரிலிருந்து போன். லைன் ரொம்ப ஸ்டெடியாம். அடுத்த நாளே ஆரம்பிக்கலாமாம்.

மருமகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும்தான் — லைன்மேன் வரும்வரை.