சொல்லை மூடுகிறவள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கோரஸ் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக் கணக்குக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும் பயன்பட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் இசையமைப்பாளர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட.

நாம் முணுமுணுக்கிற பாட்டுகளில் ஒரு பாடகி இருப்பாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஒரு ‘ஆ’ இழுப்பார்கள். அந்த ‘ஆ’வில் ஒரு பங்கு அக்காவுடையது. எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பிரிக்க முடியாதபடி பாடுவதுதான் அவள் வேலை.

வெளியே இருப்பவர்களுக்கு இது லேசான வேலையாகத் தோன்றும். ஆறு பேர் ஒரே ஆளாகப் பாடுவதற்கு என்னென்னவோ செய்ய வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவள் மூச்சு வாங்கும்போது நாம் வாங்கக் கூடாது. வாங்குவதும் வெளியே தெரியக் கூடாது. எல்லாவற்றையும்விட வேடிக்கை, சொல்லை மூடுவது. ‘வானம்’ என்று ஆறு பேர் பாடினால் ஆறு ‘ம்’ ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். மாடிப்படியில் பாத்திரம் உருண்ட மாதிரி இருக்கும். அதனால் ஒருத்திதான் உதட்டை மூடுவாள். மற்றவர்கள் ‘வான…’ என்று வாயைத் திறந்தபடியே தேய்த்து விட்டுவிடுவார்கள். கேட்கிறவர்களுக்கு எல்லாரும் மூடிய மாதிரியே இருக்கும்.

ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்: “யாரு மூடுறது?” மைக்குக்குப் பக்கத்தில் நிற்பவள் கையைத் தூக்குவாள். அந்தக் கை ஒருநாளும் அக்காவின் கையாக இருந்ததில்லை. அவளுக்குக் கனமான குரல். முன்னால் நின்றால் மற்ற ஐந்து பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், “நீ ஒரு அடி பின்னாடி போம்மா” என்றார்கள். மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், அந்த வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரியும் முடித்துவிட்டாள். அம்மா இன்னும் அந்த ஒரு அடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுடைய இன்னொரு வேலை டிராக் பாடுவது. பெரிய பாடகி வருவதற்கு முன்னால் மெட்டை யாராவது பாடி வைக்க வேண்டும். பாடகி அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவாள். அதன்பிறகு அந்த டிராக்கை அழித்துவிடுவார்கள். அக்கா பாடி அழிந்த பாட்டுகளைச் சேர்த்தால் ஒரு வானொலி நிலையமே நடத்தலாம்.

அப்படித்தான் ஒரு நாள் புது மெட்டு ஒன்றுக்கு டிராக் பாடினாள். “இன்னும் ஒரு தரம்” என்று ஒவ்வொரு அடியும் முடிகிற பாட்டு. இளம் இசையமைப்பாளன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

“என்ன தம்பி, சுருதி விலகிடுச்சா?”

“இல்லக்கா. இதை நீங்களே பாடிட்டா என்ன?”

“நான்தானே இப்போ பாடினேன்?”

“டிராக் இல்லக்கா. பாட்டு.”

அக்கா சிரித்துவிட்டாள். பின்னால் திரும்பி வேறு யாரிடமாவது சொல்கிறானா என்றுகூடப் பார்த்தாள்.

பாட்டு ஏற்கெனவே ஒரு பெண்ணுக்கு என்று பேசி முடித்தது. கைபேசியில் ஆடியும் பாடியும் லட்சக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருந்த பெண். எங்கே போனாலும் ஒரு வட்ட விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் கூடவே வருவான். அதனால் கூடத்தில் அவளுக்கு ‘லைட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பாட்டை வெளியிடுகிற கம்பெனியின் மேனேஜர் தலையைச் சொறிந்தார். கடைசியில், “சரி, ரெண்டு பேரும் பாடட்டும். வெள்ளிக்கிழமை ரெண்டையும் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்” என்றார்.

ஒரே ஒரு பாட்டு. தன் குரல் மட்டும், அழிக்கப்படாமல். இத்தனை வருஷத்தில் அக்கா அதை யாரிடமும் கேட்டதும் இல்லை, கேட்கலாம் என்று நினைத்ததும் இல்லை. இப்போது நினைத்துவிட்டாள். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். அவருக்கு பேனர் அடிக்கிற கடையில் வேலை.

“அந்த லைட்டுப் பொண்ணா? போன வாரம்தான் ஒரு நகைக்கடைக்கு அவ படத்தை அடிச்சேன். மூக்கு மட்டும் நம்ம கதவு உசரம்.”

“பாட்டு எப்படிப் பாடுவா?”

“அது எனக்கெப்படித் தெரியும்? கன்னத்துல ஒரு பரு இருந்துச்சு. அதை எடுக்க அரை நாள் ஆச்சு.”

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்பல்லாம் பாட்டை யாருப்பா கேக்குறாங்க? பாக்குறாங்க. அம்மா எவ்வளவு நல்லா பாடினாலும் மூஞ்சியைப் பார்த்துட்டு அவளுக்குத்தான் குடுப்பாங்க.”

“ஏன், என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?” என்றாள் அக்கா.

“குறைச்சலே இல்லை. இருபதடிக்கு அடிச்சா நல்லாத்தான் இருக்கும்” என்றார் கணவர். “கடையிலதான் அவ்வளவு மை இருக்காது.”

“உங்க வாயை மூட ஒரு பேனர் அடிங்க முதல்ல.”

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “நானும் என்ன ஒழுங்கு? இன்டர்வியூவுக்குத் தோழிகிட்ட சட்டை கடன் வாங்கிட்டுத்தானே போறேன்” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை அக்கா பாடினாள். சுருதி இம்மி பிசகவில்லை. தாளம் கடிகாரம் மாதிரி. ஒரே தடவையில் முடித்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளன் கட்டை விரலை உயர்த்தினான். ஆனால் முகத்தில் விரலுக்குப் பொருத்தமான சந்தோஷம் இல்லை. ஒலிப்பதிவாளர் அவளோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவர். எல்லாரும் அவரைக் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க.”

“பக்கத்துல யாரும் இல்லையே. யாருக்கு எடம் விட்டுட்டு நிக்கிறீங்க?”

குனிந்து பார்த்தாள். மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“அதுமட்டும் இல்ல. பாட்டு முழுக்க ‘தர, தர’ன்னு முடியுது. ஒரு ‘ம்’கூடக் காணோம். நீங்க திறந்து விட்டுட்டீங்க. மூட ஆள் யாரு?”

அக்காவுக்கு முகம் சூடேறியது. பதிவைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். அவர் சொன்னது சரிதான். நல்ல குரல். ஆனால் யாருடையது என்று சொல்ல முடியாத குரல். மீதி ஐந்து பேர் எங்கே என்று தேட வைக்கிற குரல். தன்னை மறைத்துக்கொள்ளும் வித்தையை அவ்வளவு சுத்தமாகக் கற்றிருந்தாள். ஆள் இல்லாத இடத்திலும் மறைந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை லைட்டு வந்தாள். விளக்கு வந்தது, விளக்குக்காரன் வந்தான், அதற்குப்பின் ஒல்லியாக, வெயிலில் வந்த களைப்போடு அவள் வந்தாள். பேனரில் பார்த்ததைவிடச் சின்னப் பெண். கன்னத்தில் அந்தப் பரு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு என்னவோ அவள்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

“நீங்கதானேக்கா டிராக் பாடினது? கேட்டுக் கேட்டு என் ஃபோனே சூடாயிடுச்சு. மூச்சு எங்கதான் வாங்குறீங்க? கண்டுபிடிக்கவே முடியலை.”

“அதைச் சொன்னா எங்க பொழப்பு போயிடும்மா.”

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு விளக்குக்காரனை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பாடினாள். சுருதி அங்கங்கே சறுக்கியது. காது அதைக் கணினியில் பிடித்துப் பிடித்து நிமிர்த்தினார். நீளமான அடிகளுக்கு மூச்சு போதவில்லை. ‘தரம்’ என்று முடிய வேண்டிய இடமெல்லாம் ‘தர…’ என்று காற்றாகக் கரைந்து போயிற்று.

இதையெல்லாம் அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்கெடுத்தாள். எடுத்துக்கொண்டே இருக்கும்போது ஒரு இடத்தில் கணக்கு விட்டுப்போயிற்று. அந்தப் பெண் “போயிட்டு வான்னு சொல்லாதே” என்று தொடங்கும் அடிக்கு முன்னால் மூச்சை இழுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி இழுத்தாள். யாரோ ஒரே ஒருத்தரிடம், கதவை அடைத்து நின்று பேசுகிற மாதிரி இருந்தது. அக்காவின் கைமுடி சிலிர்த்துக்கொண்டது. அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

வீட்டுக்குப் போனதும் மகள் ஆவலாகக் கேட்டாள்: “ரொம்ப மோசமா?”

“சுருதி சேரலை.”

“நான்தான் சொன்னேனே!”

“இருடி. சுருதி சேரலை. ஆனா அவ பாடினா அவதான் பாடுறான்னு தெரியுது. அந்த முகம் குரல்லயும் இருக்கு. அது விளக்குப் போட்டு வர்றதில்லை.”

“அப்போ உனக்கு?”

“எனக்கும் இருக்கும். எங்கே வெச்சேன்னுதான் தெரியலை” என்று சொல்லிவிட்டு அக்கா பாத்திரம் கழுவப் போனாள். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பாடிப் பார்த்தாள். “இன்னும் ஒரு தரம்.” உதட்டை மூடினாள். மூடியபடியே நின்றாள். மூக்குக்குள்ளும் நெற்றிக்குள்ளும் அந்த ‘ம்’ சுற்றிக்கொண்டு நின்றது. முன்னறையிலிருந்து கணவர், “யாரு, டிவியா?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வருவதற்கு முன்னாலேயே போய், “தம்பி, இன்னொரு தடவை பாடிக்கிறேன்” என்றாள். மைக்குக்கு நேரே, பாடினால் அதன் முன்னே மாட்டியிருக்கும் வலைத்துணி உதட்டில் படுகிற தூரத்தில் நின்றாள். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கினாள். கேட்டால் கேட்கட்டும் என்று வாங்கினாள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் சொல்லைத் தானே மூடினாள். பாதியில் மேனேஜர் உள்ளே வந்தது அவளுக்குத் தெரியாது. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது காது விசைகளின்மேல் கை வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்த்துவதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் அவர் அப்படி உட்காருவார். இரண்டு இடத்தில் குரல் கரகரத்திருந்தது. அதையும் அவர் தொடவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“அக்கா, பொய் சொல்ல மாட்டேன். பாட்டுன்னா நீங்க பாடினதுதான். ஆனா இதை ஜனங்களைக் கேக்க வைக்கணும்னா முதல்ல பாக்க வைக்கணும். அவ பாடினா நாளைக்கே லட்சம் பேர் பாப்பாங்க. நீங்க பாடினா…” அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

“ம்” என்றாள் அக்கா.

இசையமைப்பாளன் சண்டை போட்டான். அக்கா அவன் தோளில் தட்டி உட்கார வைத்தாள். அழுகை வந்தது, கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். அவள் திரும்பி வந்தபோது அவன் லைட்டின் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.

“அடி முடியுற எடமெல்லாம் தொங்குது. ‘தர’ன்னு காத்துல விட்டுட்டுப் போயிடுறா. சொல்லே முடியலை. கடைசி சொல்லுக்கு மட்டும் கோரஸ் போட்டுத் தாங்கிப் பிடிக்கணும்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “வேற ஆளுங்களைக் கூப்பிட்டுக்கிறேன்கா. நீங்க வீட்டுக்குப் போங்க.”

“ஏன், எனக்கு இன்னைக்கு வேற கல்யாணமா இருக்கு?”

மாலையில் மற்ற ஐந்து பேரும் வந்தார்கள். அக்கா தன் வழக்கமான இடத்தில், ஒரு அடி பின்னால், நின்றாள். காது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரையும் பார்க்காமல், எப்போதும்போலக் கேட்டார்: “யாரு மூடுறது?”

மைக்குக்குப் பக்கத்தில் நின்றவள் கையைத் தூக்கப் போனாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“நான் மூடுறேன்” என்றாள் அக்கா.

ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “அப்போ முன்னாடி வாங்கக்கா” என்று வழி விட்டார்கள். அவள் அந்த ஒரு அடியைத் தாண்டி முன்னால் வந்து நின்றாள்.

பாட்டு வெளிவந்தது. மேனேஜர் சொன்ன லட்சம் பேரும் பார்த்தார்கள், அதற்கு மேலும் பார்த்தார்கள். கணவர் கடையில் அதற்கும் பேனர் அடித்தார்கள். மகள் பிடிவாதமாகப் பார்க்காமல் இருந்தாள். பிறகு ஒரு நாள், புது வேலைக்குப் போட்டுக்கொள்ளச் சொந்தச் சட்டை வாங்கி வந்த நாளில், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் அதைப் போட்டாள். திரை முழுக்க லைட்டின் முகம், பரு இல்லாமல். மகள் உதட்டைச் சுழித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, திருப்பிப் போட்டாள்.

“அம்மா, இங்க பாரு. அவ வாய் திறந்தே இருக்கு.”

“ஆமா.”

“ஆனா ‘ம்’ கேக்குது.”

மகள் ஒலியைக் கூட்டினாள். திரையில் அந்த அழகான வாய் பாதி திறந்தபடி காற்றில் நின்றது. அடியில் எங்கிருந்தோ கனமான ஒரு குரல் வந்து, அவசரப்படாமல், அந்தச் சொல்லை மூடியது. அடுத்த அடியிலும் மூடியது. அதற்கடுத்த அடியிலும்.

“இது நீ” என்றாள் மகள்.

“கோரஸ்டி. ஆறு பேர்.”

“மத்தவங்களை விடு. இது நீ. எனக்குத் தெரியும்.”

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார்: “யாரு, டிவியா?”

“அம்மாப்பா!” என்று கத்திவிட்டு, மகள் பாட்டை முதலிலிருந்து போட்டாள்.